ஒரு பகுதியின் செம்பட்டியலைத் தயாரிப்பது எப்படி? புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உயிரினங்கள் அழியும் வாய்ப்பை வகைப்படுத்தும் உலகச் செம்பட்டியலில் நீலகிரி வரையாடு 'அருகிய இனம்'. இணையத்தில் தேடினால் ஒரு நிமிடத்தில் இந்தப் பதில் கிடைத்துவிடும். சரி, தமிழ்நாட்டு எல்லைக்குள் மட்டும் அதன் நிலை என்ன? கேரள எல்லையைத் தாண்டி வந்து போகும் மந்தைகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வனத்துறை எண்ணிச் சொன்ன தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? இந்தக் கேள்விகளுக்குத் தேடுபொறியில் விடை இல்லை. யாராவது உட்கார்ந்து, ஆதாரங்களைச் சேர்த்து, கணக்குப் போட்டு, காரணத்தோடு எழுதினால்தான் உண்டு.

அந்த வேலையைப் புதிதாகச் செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாவரவியல், விலங்கியல் முதுகலை மாணவர்கள், பறவை நோக்குபவர்கள், வனத்துறையில் கள அனுபவம் உள்ளவர்கள் என யாருக்கும் இது கைகொடுக்கும். இலங்கை தன் தேசியச் செம்பட்டியலை 2012இல் வெளியிட்டது. தாவரங்களுக்குத் தனியாக 2020இல் புதுப்பித்தது. இந்தியாவும் 2030க்குள் தேசிய அளவில் மதிப்பீடு செய்யும் திட்டத்தை 2025 அக்டோபரில் அபுதாபியில் நடந்த உலக இயற்கைப் பாதுகாப்பு மாநாட்டில் அறிவித்தது. இந்த வேலைக்கு ஆள் நிறையத் தேவைப்படும். முறை தெரிந்த ஆள்தான் குறைவு.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். செம்பட்டியல் அளப்பது அழியும் வாய்ப்பை மட்டும்தான். ஓர் உயிரினம் எவ்வளவு அரியது, எவ்வளவு அழகானது, அதைக் காப்பாற்ற எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் வேறு கேள்விகள். அதேபோல, வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் ஓர் இனம் முதலாவதில் இருக்கிறதா இரண்டாவதில் இருக்கிறதா என்பது சட்டம் சார்ந்த முடிவு. செம்பட்டியல் வகையை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோலத் தெரிந்தால் அதில் தவறும் இல்லை.

முதல் படி: வகைகளைத் தெரிந்துகொள்வது

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யு.சி.என்.) 1964இல் தொடங்கிய செம்பட்டியல்தான் உலகம் முழுக்கப் பின்பற்றும் அடிப்படை. இப்போது புழக்கத்தில் இருக்கும் விதிகள் 2001இல் வெளியான 3.1ஆம் பதிப்பு. நாடு, மாநிலம் போன்ற பகுதிகளுக்கு அந்த விதிகளை எப்படிப் பொருத்துவது என்பதற்குத் தனி வழிகாட்டி இருக்கிறது, அதன் 4.0 பதிப்பு 2012இல் வந்தது. இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. வேலையைத் தொடங்கும் முன் இரண்டையும் பதிவிறக்கி ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். சுருக்கங்களை மட்டும் படித்துவிட்டு இறங்குபவர்களுக்குப் பாதி வழியில் சிக்கல் வரும்.

உலக அளவிலான வகைகள் ஒன்பது: அற்றுப்போனது, இயலிடத்தில் அற்றுப்போனது, மிக அருகியது, அருகியது, அழிவாய்ப்புள்ளது, அச்சுறுத்தலை நெருங்கியது, கவலை குறைந்தது, தரவு போதாதது, மதிப்பிடப்படாதது. நடுவில் உள்ள மிக அருகியது, அருகியது, அழிவாய்ப்புள்ளது ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் 'அச்சுறுத்தலில் உள்ளவை' என்கிறோம்.

பகுதி அளவில் இன்னும் இரண்டு வகைகள் சேரும். ஒன்று, 'பகுதியில் அற்றுப்போனது'. சிவிங்கிப்புலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவில் அது இருந்துகொண்டிருந்தபோதே, 1952இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. உலகப் பட்டியலில் அழிவாய்ப்புள்ளது, இந்தியாவைப் பொறுத்தவரை அற்றுப்போனது. 2022இல் மத்தியப் பிரதேசத்தின் குனோவில் ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலிகளைக் கொண்டுவந்து விட்டதெல்லாம் அதற்குப் பிந்தைய கதை. இன்னொன்று, 'பொருந்தாதது'. மனிதர்கள் கொண்டுவந்து விட்ட இனங்கள், எப்போதாவது வழிதவறி வந்து போகும் பறவைகள் இதில் அடங்கும். உன்னிச்செடியையும் நீலகிரி ஓடைகளில் ஆங்கிலேயர் காலத்தில் விடப்பட்ட டிரவுட் மீனையும் நீங்கள் மதிப்பிட வேண்டியதில்லை.

இரண்டாம் படி: எல்லையையும் இனத்தையும் முடிவு செய்வது

மாநிலம், நாடு, அல்லது மேற்குத் தொடர்ச்சி மலை போன்ற இயற்கைப் பகுதி எதை வேண்டுமானாலும் எல்லையாக வைக்கலாம். மாவட்டம், தாலுகா அளவில் மட்டும் செய்யாதீர்கள். பகுதி சிறிதாகச் சிறிதாக, உயிரினங்கள் எல்லை தாண்டி வந்து போவது கூடிக்கொண்டே போகும். விதிகளில் உள்ள எண் வரம்புகள் அர்த்தம் இழந்துவிடும். பஞ்சாயத்து அளவில் பார்த்தால் மயிலைக்கூட மிக அருகிய இனமாகக் காட்டிவிடலாம்.

அடுத்து பெயர். இங்கே சோம்பல் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த் தவளைகள் பல, பழைய பதிவுகளில் 'ஃபிலாட்டஸ்' என்ற பேரினத்தில் இருக்கும். 2010இலிருந்து அவை 'ராவோர்செஸ்டிஸ்' என்ற பேரினத்துக்கு மாறிவிட்டன. சோலைக்காடுகளில் வாழும் சிறு பறவைகளான சோலைக்கிளிகளில் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருப்பது ஓர் இனம், தெற்கே இருப்பது இன்னோர் இனம். பழைய பதிவுகளில் இரண்டும் ஒரே பெயரில் கலந்து கிடக்கும். அதைப் பிரிக்காமல் வரைபடத்தில் வைத்தால், கணவாய்க்கு வடக்கே மட்டும் வாழும் பறவை அகத்தியமலை வரை பரவியிருப்பதாகக் காட்டும். பெயர் மாறியதன் வரலாற்றை இனத்துக்கு ஒரு பத்தியாக எழுதி வைத்துக்கொண்டுதான் தரவு சேகரிக்கவே இறங்க வேண்டும்.

வலசை வருபவை தனி. கோடியக்கரைக்குப் பனிக்காலத்தில் வரும் உள்ளான்கள் இங்கே இனப்பெருக்கம் செய்வதில்லை. அவற்றை 'வருகையாளர்' என்று குறித்து, இங்குள்ள வாழிடத்தின் நிலையோடு, அவை முட்டையிடும் இடத்தின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓர் இனத்தில் இங்கேயே தங்கி இனப்பெருக்கம் செய்யும் கூட்டம் ஒன்றும், வலசை வரும் கூட்டம் ஒன்றும் இருந்தால், இரண்டையும் தனித்தனியாக மதிப்பிடுவதே முறை.

மூன்றாம் படி: தரவு சேர்ப்பது

பெரும்பகுதி நேரம் இங்கேதான் போகும், போகவும் வேண்டும்.

தாவரங்களுக்கு உலர்தாவரச் சேகரிப்பகங்கள்தான் உயிர்நாடி. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டலத்தில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் போன்ற இடங்களில் செடிகளை உலர்த்தி ஒட்டிய நூறாண்டு பழைய தாள்கள் இருக்கின்றன. ஒரு தாளை எடுத்தால் ஓரத்தில் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் 'புல்னீஸ், 6500 அடி' என்று மட்டும் இருக்கலாம். புல்னீஸ் என்றால் பழனிமலை. ஆனால் பழனிமலையில் எங்கே? சேகரித்தவர் அதே வாரத்தில் சேகரித்த மற்றத் தாள்களைப் பாருங்கள். அவர் எந்தப் பாதையில் நடந்தார் என்பது பல நேரம் பிடிபட்டுவிடும். அப்படியும் பிடிபடவில்லையா, அந்தப் பதிவை வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைக்காமல், 'இடம் துல்லியமில்லை' என்று குறித்துப் பட்டியலில் மட்டும் வையுங்கள். குத்துமதிப்பாகப் புள்ளி வைத்தால், பின்னால் வருபவர் அதை உண்மையென்று நம்பிவிடுவார்.

பறவைகளுக்கு, பறவை நோக்குபவர்கள் தாங்கள் பார்த்தவற்றைப் பட்டியலாக ஏற்றும் ஈபேர்ட் என்ற இணையத்தளத்தில் பதிவுகள் கொட்டிக் கிடக்கின்றன. பொங்கல் நாள்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் அதில்தான் சேர்கிறது. இதில் ஒரு பொறி இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன்னால் பார்த்தவர்களைவிட இன்று பார்ப்பவர்கள் பல மடங்கு அதிகம். பதிவுகளின் எண்ணிக்கை கூடியதை வைத்துப் பறவை பெருகிவிட்டது என்று சொல்ல முடியாது. நூறு பட்டியல்களில் எத்தனையில் அந்தப் பறவை இருந்தது என்ற விகிதத்தைப் பார்க்க வேண்டும். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை இந்த வழியில்தான் 942 இனங்களை அலசியது. அந்த அறிக்கையின் போக்கு வரைபடங்களை நேரடி ஆதாரமாகவே பயன்படுத்தலாம்.

அப்புறம், மக்கள். பாக் நீரிணை மீனவர்களைவிட ஆவுளியாவை (கடற்பசுவை)ப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் இல்லை. காணிகள், காடர்கள், இருளர்கள் போன்ற பழங்குடியினர் எல்லோரிடமும் எழுதப்படாத தரவு இருக்கிறது. கேட்கிற விதத்தில்தான் எல்லாம். "ஐயா, ஆவுளியா குறைஞ்சிருச்சா?" என்று கேட்டால் "ஆமா தம்பி, குறைஞ்சிருச்சு" என்றுதான் வரும், நீங்கள் எதிர்பார்க்கும் பதிலை மரியாதைக்காகச் சொல்வார்கள். "கடைசியா எப்ப பாத்தீங்க? எந்தப் பக்கம்? உயிரோடயா, வலையில சிக்கியா? அப்ப உங்க பெரிய மகனுக்கு எத்தனை வயசு?" என்று கேளுங்கள். மகனின் வயதிலிருந்து ஆண்டு கிடைத்துவிடும். சொன்னவரின் அனுமதி இல்லாமல் பெயரையோ இடத்தையோ அறிக்கையில் போடாதீர்கள். ஆவுளியாவைப் பிடிப்பது குற்றம். நம்பிச் சொன்னவருக்கு நம்மால் தொல்லை வரக்கூடாது.

ஒவ்வொரு தரவின் பக்கத்திலும் அது எந்த வகை என்று எழுதிவிடுங்கள்: நேரில் எண்ணியதா, மாதிரியை வைத்து மதிப்பிட்டதா, காடு குறைந்ததை வைத்து ஊகித்ததா, சூழ்நிலையை வைத்துச் சந்தேகிப்பதா, வருங்காலத்துக்கு முன்கணித்ததா? விதிகள் இந்த ஐந்தையும் ஏற்கின்றன. எது எது என்று சொல்லாமல் கலந்துவிடுவதைத்தான் ஏற்பதில்லை.

நான்காம் படி: ஐந்து அளவுகோல்களும், கணக்கும்

அளவுகோல்கள் ஐந்துக்கு ஆங்கில எழுத்து வரிசையில் ஏ, பி, சி, டி, ஈ என்று பெயர். ஏதாவது ஒன்றில் வரம்பை எட்டினாலே போதும், ஐந்திலும் எட்டத் தேவையில்லை. ஆனால் ஐந்தையும் பார்த்தாக வேண்டும். எதில் மிக உயர்ந்த அச்சுறுத்தல் வருகிறதோ அதுவே இறுதி வகை.

ஏ என்பது தொகை சரிவு. பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இரண்டில் எது நீண்டதோ அந்தக் காலத்தில் எத்தனை விழுக்காடு குறைந்தது என்று பார்க்கிறோம். 80 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்றால் மிக அருகியது, 50 என்றால் அருகியது, 30 என்றால் அழிவாய்ப்புள்ளது. சரிவுக்கான காரணம் தெளிவாகத் தெரிந்து, அது நின்றும்விட்டு, மீளவும் கூடியது என்றால் மட்டும் வரம்புகள் 90, 70, 50 என்று உயரும்.

பாறுக் கழுகுகளை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் 99 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. மாடுகளுக்குப் போட்ட டைக்லோஃபெனாக் என்ற வலிநிவாரணி, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த 2006இல் தடை வந்தது. அப்படியானால் காரணம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? முடியாது. மனிதர்களுக்கான மருந்தைக் கால்நடைக்குப் போடுவது தொடர்ந்தது. அதே தீங்கைச் செய்யும் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் இரண்டுக்கும் 2023இல்தான் தடை வந்தது. தமிழ்நாட்டில் மோயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கூட்டத்தை மதிப்பிடும்போது, அரசாணை வந்த தேதியைப் பார்க்காமல் மருந்துக் கடைகளில் என்ன விற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

தலைமுறை நீளம் என்பது முதல் குட்டி ஈனும் வயது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இப்போது பிறந்துகொண்டிருக்கும் குட்டிகளின் பெற்றோருக்குச் சராசரியாக என்ன வயது என்பதுதான் அது. ஆசிய யானைக்கு மூன்று தலைமுறை என்றால் 60 முதல் 75 ஆண்டுகள். கடைசிப் பத்தாண்டுக் கணக்கை மட்டும் வைத்து யானையின் போக்கைத் தீர்மானிக்கக் கூடாது என்பது இதிலிருந்தே தெரியும்.

பி என்பது பரப்பு. தாவரங்கள், தவளைகள், மீன்கள் பெரும்பாலும் இதில்தான் வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டு விதமாகப் பரப்பை அளக்கிறோம். எல்லாப் புள்ளிகளையும் உள்ளடக்கும்படி, எங்கும் உள்நோக்கி வளையாத ஒரு பலகோணம் வரைந்தால் வருவது பரவல் எல்லை. இது 100 சதுர கிலோமீட்டருக்குக் கீழ் என்றால் மிக அருகியது, 5,000க்குக் கீழ் அருகியது, 20,000க்குக் கீழ் அழிவாய்ப்புள்ளது. இரண்டாவது, வாழும் பரப்பு. வரைபடத்தின் மேல் 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டங்களைப் போட்டு, இனம் இருக்கும் கட்டங்களை எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். இதற்கு வரம்புகள் 10, 500, 2,000.

பலகோணத்துக்குள் கடலோ பாலக்காட்டுக் கணவாயோ வந்தால், "இங்கேதான் அந்தத் தவளை இல்லையே" என்று அந்தப் பகுதியை வெட்டியெடுக்கக் கை பரபரக்கும். வெட்டாதீர்கள். ஒரே புயலோ நோயோ காட்டுத்தீயோ எல்லாக் கூட்டங்களையும் ஒருசேரத் தாக்குமா என்பதை அறியத்தான் பரவல் எல்லையை அளக்கிறோம். உண்மையில் எங்கே வாழ்கிறது என்பதைச் சொல்ல இரண்டாவது அளவு இருக்கிறது. லண்டன் கியூ தாவரவியல் பூங்கா உருவாக்கிய ஜியோகேட் என்ற இலவசக் கருவியில் புள்ளிகளைப் போட்டால் இரண்டு அளவுகளும் உடனே வந்துவிடும். ஆனால் முதல் சில இனங்களுக்கு வரைபடத் தாளில் கையாலேயே கட்டம் போட்டுப் பாருங்கள். அப்போதுதான் கருவி தரும் எண் தப்பாக இருந்தால் கண்ணுக்குப் படும்.

பரப்பு சிறிது என்பது மட்டும் போதாது. இதை மறந்துவிட்டு வகை போடுவதுதான் புதியவர்களிடம் அதிகம் பார்க்கும் பிழை. பரப்போடு கீழுள்ள மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்: கூட்டங்கள் கடுமையாகத் துண்டுபட்டிருப்பது அல்லது மிகச் சில இருப்பிடங்களில் மட்டும் இருப்பது, தொடர்ந்து குறைந்துகொண்டிருப்பது, தொகையோ பரப்போ அதீதமாக ஏறி இறங்குவது. இருப்பிடம் என்பதற்கு இங்கே தனிப் பொருள் உண்டு. ஒரே அச்சுறுத்தல் ஒரே வீச்சில் பாதிக்கக்கூடிய பரப்பு முழுதும் ஓர் இருப்பிடம். ஓர் ஆற்றில் ஐந்து மடுக்களில் ஒரு மீனைப் பிடித்திருக்கலாம். ஐந்துக்கும் மேலே ஒரு சாயப்பட்டறைக் கழிவு கலந்தால் ஐந்தும் போய்விடும் என்றால், அந்த மீனுக்கு இருப்பிடம் ஒன்றுதான்.

ஒரு பயிற்சிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் பயிற்சிக்காக நான் வைத்தவை. ஒரே மலைத்தொடரில் மட்டும் வாழும் புதர்த் தவளை ஒன்று. பரவல் எல்லை 900 சதுர கிலோமீட்டர். ஆறு கட்டங்களில் இருக்கிறது, ஆக வாழும் பரப்பு 24. தேயிலைத் தோட்டம், சாலை விரிவாக்கம் போன்ற அச்சுறுத்தல்களை வைத்துப் பிரித்தால் நான்கு இருப்பிடங்கள். சோலை ஓரங்கள் தொடர்ந்து கெட்டுவருவதற்குச் செயற்கைக்கோள் படங்களே சான்று. பரவல் எல்லை 5,000க்குக் கீழ், வாழும் பரப்பு 500க்குக் கீழ், இருப்பிடங்கள் ஐந்துக்கு மிகாமல், வாழிடத் தரம் சரிகிறது. ஆக, அருகிய இனம். இதைக் குறியீட்டில் எழுதினால் 'ஈ.என். பி1ஏபி(3)+2ஏபி(3)'. ஈ.என். என்பது 'அருகியது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். பி1 பரவல் எல்லை, 2 வாழும் பரப்பு. அவற்றை அடுத்து வரும் சிறிய ஏ, பி எழுத்துகள் மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளில் முதல் இரண்டு. அடைப்புக்குள் வரும் மூன்று, வாழிடத்தின் பரப்போ தரமோ குறைவதைக் குறிக்கும். படிவத்தில் அதை ரோமன் எண்ணில் எழுத வேண்டும். வாழும் பரப்பு 10க்குக் கீழே போயிருந்தாலும், இருப்பிடம் நான்காக இருக்கும்வரை, கடுமையான துண்டுபடலும் இல்லை என்றால், மிக அருகியது என்று போட முடியாது.

சியும் டியும் தலைக்கணக்கு. இனப்பெருக்கம் செய்யும் வயதுக்கு வந்தவற்றை மட்டுமே எண்ண வேண்டும். சியில் வரம்புகள் 250, 2,500, 10,000. அதோடு தொகை தொடர்ந்து குறைந்துகொண்டும் இருக்க வேண்டும். டியில் 50, 250, 1,000. இங்கே சரிவு தேவையில்லை, எண்ணிக்கை குறைவாக இருந்தாலே போதும். ஈ என்பது கணிதப் படிமங்களை வைத்து அழியும் வாய்ப்பைக் கணக்கிடுவது. நல்ல தரவு பல ஆண்டுகளுக்கு இருந்தால்தான் அது முடியும், பெரும்பாலான இனங்களுக்கு இருக்காது. கடந்து போய்விடலாம்.

வரையாட்டை வைத்து ஒரு ஒத்திகை

2024இல் தமிழ்நாட்டில் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள். 2025இல் 1,303. முதலில் எழ வேண்டிய கேள்வி: ஓராண்டில் 272 கூடிவிட்டனவா? பார்த்த இடங்கள், பார்த்த ஆட்கள், மூடுபனி இருந்த நாள்கள் எல்லாம் இரண்டு ஆண்டிலும் ஒன்றாக இருந்தனவா என்று தெரியாமல் அதைப் பெருக்கம் என்று எழுதக் கூடாது. அடுத்த கேள்வி: இந்த 1,303இல் குட்டிகளும் இளம் ஆடுகளும் எத்தனை? அவற்றைக் கழித்தால்தான் முதிர்ந்தவற்றின் எண்ணிக்கை கிடைக்கும்.

முதிர்ந்தவை 2,500க்குக் கீழ் என்பது உறுதி. ஆனால் சியில் 'அருகியது' என்று போட, தமிழ்நாட்டில் தொகை தொடர்ந்து குறைகிறது என்று காட்ட வேண்டும். அந்தச் சான்று இல்லையென்றால் சி விழுந்துவிடும். டிக்குப் போனால், முதிர்ந்தவை 1,000க்குக் கீழ் இருந்தால் 'அழிவாய்ப்புள்ளது' கிடைக்கும். இங்கேயே நிறுத்திவிட்டால், உலக அளவில் அருகிய இனம் தமிழ்நாட்டில் ஒரு படி நன்றாக இருப்பதாக முடிந்துவிடும். இன்னும் பி மிச்சமிருக்கிறது. வரையாடு இருக்கும் கட்டங்கள் 125க்குக் குறைவா? முக்குருத்தி மந்தைக்கும் அகத்தியமலை மந்தைக்கும் நடுவே ஆடு கடக்க முடியாத இடைவெளிகள் உண்டா? நீலகிரியின் புல்வெளிகளைச் சீகை மரம் விழுங்குவது இன்னும் தொடர்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்று சான்று வந்தால், துண்டுபடல் விதிகளில் சொல்லும் அளவுக்குக் கடுமையாக இருக்கும்பட்சத்தில், மறுபடி 'அருகியது' என்ற இடத்துக்கே வருவோம். அப்போது காரணம் வேறு. பாதுகாப்புத் திட்டமும் வேறாகும்: தலைகளை எண்ணுவதைவிடப் புல்வெளியை மீட்பது முன்னுக்கு வரும். வகையின் பெயரைவிட அதன் பின்னால் வரும் குறியீட்டை நான் முக்கியமாகக் கருதுவது இதனால்தான்.

ஐந்தாம் படி: எல்லைக்கு அப்பால் பார்ப்பது

இந்தப் படி பகுதி மதிப்பீட்டுக்கே உரியது. உலக மதிப்பீட்டில் இது கிடையாது.

இதுவரை போட்ட கணக்கு, நம் எல்லைக்குள் இருப்பதை ஒரு தீவுபோலப் பாவித்தது. இப்போது கேளுங்கள்: இங்கே அழிந்தாலும் பக்கத்திலிருந்து வந்து நிரப்புமா? ஆனைமலையின் புல்மலைப் பகுதி கேரளத்தின் இரவிகுளத்தோடு ஒட்டியே கிடக்கிறது. ஆடுகளுக்கு மாநில எல்லைக் கல் தெரியாது. அங்கிருந்து வரவு கணிசமாக இருந்து, வருபவை தங்க இங்கே புல்வெளியும் இருந்து, பக்கத்து மந்தையும் சரியாமல் இருந்தால், வகையை ஒரு படி இறக்கலாம். மூன்றில் எதுவும் சந்தேகம் என்றால் இறக்காதீர்கள். அகத்தியமலை, முக்குருத்தி மந்தைகளுக்கு இரவிகுளம் உதவிக்கு வரப்போவதில்லை என்பதையும் சேர்த்துத்தான் மொத்த முடிவு.

நேர்மாறாகவும் நடக்கும். இங்கே இருக்கும் கூட்டம் தன்னளவில் பிழைக்க முடியாமல், வெளியிலிருந்து வருபவற்றால் மட்டுமே நின்றுகொண்டிருந்து, அந்த வரவும் குறையும் என்று தெரிந்தால், ஒரு படி ஏற்ற வேண்டும்.

உங்கள் பகுதிக்கே உரிய இனம் என்றால் இந்தப் படிக்கே வேலையில்லை; பகுதி வகையும் உலக வகையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். உலகப் பட்டியலில் வேறாக இருந்தால், உங்கள் தரவை உலகப் பட்டியல் குழுவுக்கு அனுப்புங்கள். மற்ற இனங்களில் பகுதி வகை உலக வகையைவிட மோசமாக வருவது சகஜம். ஆவுளியா உலக அளவில் அழிவாய்ப்புள்ளது. ஆனால் 2022இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரக் கூட்டம் மிக அருகியதாகவும், நியூ கலிடோனியாக் கூட்டம் அருகியதாகவும் தனியாக மதிப்பிடப்பட்டன. ஆஸ்திரேலியாவில் நிறைய இருப்பது பாக் நீரிணையில் இருப்பதற்கு ஆறுதல் இல்லை.

அற்றுப்போனது என்று எழுதும் முன்

இலங்கையின் 2012 செம்பட்டியலில் 'குருடியா செய்லானிகா' என்ற மரம் அற்றுப்போனதாக இருந்தது. 2019இல் கம்பஹா மாவட்டத்தில், ஊருக்குள்ளேயே, ஒரு மரம் கண்டுபிடிக்கப்பட்டது. 2021இல் விரைவுச்சாலைக்காக அதை வெட்டப் போனபோது பெரிய விவாதமே நடந்தது. சிவனொளிபாத மலையில் மீண்டும் கண்டறியப்பட்ட கண்டிக் குட்டைத் தேரையும் அதற்கு முன் கடைசியாகப் பதிவானது 1870களில்.

கடைசி உயிரும் போய்விட்டது என்பதில் நியாயமான ஐயம் எதுவும் இல்லாதபோதுதான் 'அற்றுப்போனது' என்று எழுதலாம். தகுந்த பருவத்தில், தகுந்த நேரத்தில், இருந்திருக்கக்கூடிய இடமெல்லாம் தேடியிருக்க வேண்டும். தேடவில்லையா, 'மிக அருகியது, அற்றுப்போயிருக்கக்கூடும்' என்று எழுதுங்கள். அற்றுப்போனது என்று எழுதிய கணத்தில் அதற்கான நிதியும் தேடலும் நின்றுவிடும். நிலத்தை எடுக்க வருபவருக்கும் அந்த வரி வசதியாகப் போய்விடும்.

'தரவு போதாதது' என்பதிலும் இதே கவனம் வேண்டும். கிடைக்கும் தரவை வைத்தால் 'மிக அருகியது' முதல் 'கவலை குறைந்தது' வரை எதுவாகவும் இருக்கலாம் என்ற நிலையில்தான் அதைப் போட வேண்டும். ஒரு வரம்புக்குள் சுருக்க முடிந்தால், வரம்பைச் சொல்லி, முன்னெச்சரிக்கையோடு ஆனால் நம்பத்தக்க ஒரு வகையைத் தேர்ந்தெடுங்கள்.

ஆறாம் படி: காரணக் குறிப்பும் கூட்டாய்வும்

ஒவ்வோர் இனத்துக்கும் பத்துப் பதினைந்து வரிகளில் காரணக் குறிப்பு எழுதுங்கள். எந்த அளவுகோல், எந்த எண், அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு உறுதி, எல்லைக்கு அப்பாலிருந்து வரவு உண்டா, ஏற்றியிருந்தாலோ இறக்கியிருந்தாலோ ஏன். உங்களைப் பார்த்தே இராத ஒருவர், பத்து ஆண்டு கழித்து, இந்தக் குறிப்பை மட்டும் படித்து அதே முடிவுக்கு வர முடிய வேண்டும்.

அதன்பிறகு கூட்டாய்வு. அந்த உயிரினக் குழுவில் வேலை செய்பவர்கள், விதிகள் நன்றாகத் தெரிந்த ஒருவர், களத்து ஆட்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். பெரிய பேராசிரியர் ஒருவர் "இது நிச்சயம் மிக அருகியதுதான்" என்று ஆரம்பித்தால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் எண்களைத் தனித்தனியாகத் தாளில் எழுதி வாங்கிய பிறகு விவாதத்தைத் தொடங்குவது நல்லது. வகையைப் பற்றி வாக்கெடுப்பு நடத்த வேண்டாம். எண்களில் உடன்பாடு வந்தால் வகை தானாக வரும்.

வெளியிடும்போது துல்லியமான இடத்தை மறைக்க வேண்டியவை உண்டு: ஆர்க்கிடுகள், நீலச் சிலந்திகள், நட்சத்திர ஆமைகள். அகத்தியமலையின் ட்ரூரி செருப்பு ஆர்க்கிட் சேகரிப்பவர்களாலேயே அழிவின் விளிம்புக்குப் போனது. இதுபோன்றவற்றின் ஆயத்தொலைவுகளைத் தனிக் கோப்பில் வைத்து, வரைபடத்தில் மலைத்தொடரின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மறுஆய்வு

பத்து ஆண்டுக்கு மேலான மதிப்பீடு காலாவதியானதாகக் கருதப்படும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. மறுஆய்வில் வகை மாறினால், ஏன் மாறியது என்பதை இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். களத்தில் நிலைமையே மாறியதா? அல்லது புதுத் தரவு, பெயர் மாற்றம், முந்தைய கணக்கில் இருந்த பிழை போன்றவற்றால் நம் அறிவு மாறியதா? செம்மரம் 1990களில் அருகியது, 2018இல் அச்சுறுத்தலை நெருங்கியது, அடுத்த மதிப்பீட்டில் மறுபடி அருகியது. இதைப் படிக்கும் ஒருவர், நடுவில் ஜவ்வாது மலையிலும் சேஷாசலத்திலும் மரங்கள் பெருகி மறுபடி குறைந்தன என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பகுதியின் பல்லுயிர் மேம்படுகிறதா சரிகிறதா என்று காட்டும் செம்பட்டியல் குறியெண்ணில், களத்தில் நடந்த உண்மையான மாற்றங்கள் மட்டுமே சேரும்.

மேலே ஏற்றுவதற்குக் காத்திருக்க வேண்டாம், சான்று வந்த அன்றே ஏற்றலாம். கீழே இறக்க, உயர்ந்த வகைக்கான அளவுகோல்களில் எதையும் ஐந்து ஆண்டுகளாவது எட்டாமல் இருந்திருக்க வேண்டும். ஒரு நல்ல மழைக்காலத்தை வைத்து ஓர் இனத்தைப் பட்டியலிலிருந்து இறக்கிவிடாமல் இருக்கத்தான் இந்த விதி.

முதல் இனமாக எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு: புலி, யானை வேண்டாம், அவற்றுக்கு ஆள் இருக்கிறார்கள். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு மலைக்கே உரிய செடி ஒன்றை எடுங்கள். கொல்லிமலை, ஏற்காடு, சிறுமலை எதுவானாலும் சரி. சேகரிப்பகத் தாள்களைப் பார்த்து, பூக்கும் பருவத்தில் பழைய இடங்களுக்குப் போய், இருக்கிறதா இல்லையா என்று எழுதி, கட்டம் போட்டு எண்ணிப் பாருங்கள். தேடியும் கிடைக்காத இடங்களையும் தேதியோடு பதிவு செய்யுங்கள். அடுத்த மதிப்பீட்டில் சரிவைக் காட்ட அந்தப் பதிவுகள்தான் வேண்டியிருக்கும். அவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை.